கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்னும் பழமொழியை நம் நாட்டில் அறியாதார் இலர். பெற்றோரின் கண்டிப்பைப் பொறாத பிள்ளைகளைத் தேற்றுதற்கும், ஆசிரியர் கைப்பிரம்புக்கு நியாயம் கற்பித்தற்கும் அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. அப்பொருளில் அதனோடு எமக்கு வழக்கொன்றும் இல்லை. ஆயின், கோழி வளர்ப்போர் சிலர் அதனை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, விலைக்கு வாங்கிய தாயில்லாக் குஞ்சுகளை வந்த அன்றே முற்றத்துக் கோழிகளின் நடுவிற் கொட்டிவிட்டு, "எல்லாம் தாமே பழகிக்கொள்ளும், கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்று சொல்லித் தம் வேலையைப் பார்க்கப் போவதைப் பன்முறை கண்டிருக்கின்றோம். மூன்றாம் நாள் எண்ணிப் பார்க்குங்கால் பாதி இராது. பழமொழி பொய்த்ததோ எனின், அன்று. பழமொழியிற் சொல்லிய கோழி தாய்க்கோழி. முற்றத்தில் நிற்பதோ அன்னியக் கோழி. இவ்வேற்றுமையை மறந்து குஞ்சுகளை வெளியில் விடுவது தவறு என்பதே இக்கட்டுரையில் யாம் நிலைநாட்ட விரும்புவது.

கல்லூரி மலரில் கோழிக்குஞ்சுக்கு இடமேது என்று நகைப்போரும் உளர். அன்னார் தம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் மாணவரை வினவிப் பார்ப்பாராக. பரீட்சைக் கட்டணம் செலுத்தவேண்டிய நாளில் தாயார் இரண்டு விடைக்கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுசென்ற கதை நம் மாணாக்கர் பலருடைய வீட்டில் உண்டு. வங்கியை அறியாத வீடுகளில் கொல்லையில் மேயும் கோழியே சேமிப்பு. அதற்கு வட்டி முட்டை. இதனை முன்னோர் சிலர் நன்கு உணர்ந்திருந்தனர். 1920-ஆம் ஆண்டுகளில், அந்நாள் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாச் என்பாரின் தலைமையில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் கிராமப் புனருத்தாரண வேலையைத் தொடங்கியபோது, தேனீயோடு கோழியையும் முதன்மையாகக் கைக்கொண்டனர். முட்டை விற்பதற்குக் கூட்டுறவும் அமைத்தனர். ஆகவே பொருள் சிறிதாயினும் புதிதன்று.

முதற்கண் தாய்க்கோழி செய்வது யாது என்பதை நோக்குவோம். இருபத்தொரு நாள் அடைகாத்துப் பொரித்தபின், குஞ்சுகளை அது தன் இறக்கைக்குள் வைத்துக்கொள்கின்றது. கோழியின் உடற்சூடு பாரன்ஹீட் 106 பாகை அளவினது; பிறந்த குஞ்சுக்கோ தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. ஓரிரு நாளில் தாய் குஞ்சுகளை வெளியே அழைத்து வருகின்றது. ஆனால் எவ்வாறு? சிறிது நேரம் மேய்த்தபின் அமர்ந்து இறக்கையை விரிக்கின்றது; குஞ்சுகள் உள்ளே புகுந்து சூடேறியபின் மீண்டும் எழுகின்றது. இரையைக் கொத்தி எடுத்துக் கீழே போட்டு ஒரு குரல் கொடுக்கின்றது. வானத்தில் பருந்து தோன்றின் ஒரு குரலும், தரையிற் பூனை வரின் வேறொரு குரலும் எழுப்புவது கோழியினத்தின் இயல்பு. குஞ்சுகள் அவற்றைக் கேட்டு ஒளியவும் ஓடவும் கற்கின்றன. வேறொரு பெட்டை அருகில் வரின், தாய் சிலிர்த்துக்கொண்டு பாய்கின்றது. இரண்டு மூன்று திங்கள் இங்ஙனம் கழிந்தபின், ஒருநாள் தாயே குஞ்சுகளைக் கொத்தி விலக்குகின்றது. "கோழி குஞ்சைப் பிரித்துவிட்டது" என்று நம் வீட்டுப் பெண்டிர் கூறுவது இதனையே. அதற்குள் குஞ்சு மற்றைக் கோழிகளின் முகத்தை அறிந்திருக்கும். மற்றைக் கோழிகளும் அதனை அறிந்திருக்கும். அறிமுகம் முழுதும் தாயின் நிழலில், சிறுகச் சிறுக, ஒருவரும் கவனியாமலே நடந்து முடிகின்றது.

நிற்க. இக்காலத்தில் வீட்டிற்கு வரும் குஞ்சுகளிற் பெரும்பாலானவை தாயின் முகம் கண்டவையல்ல. பொறியிற் பொரித்து அட்டைப்பெட்டியில் அடைத்து வருபவை அவை. பச்சையும் இளஞ்சிவப்பும் ஏற்றித் தெருவில் கூடையில் வைத்து விற்கும் குஞ்சுகளைக் காணாத சிறுவர் இலர். முட்டைக்கென வளர்க்கும் இனத்தில், முட்டையிடா எனக் கழிக்கப்பட்ட ஆண்குஞ்சுகளே அவற்றுட் பெரும்பாலானவை. அரசாங்கத்தாரும் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களில் கிராமத்து ஏழைப் பெண்டிர்க்கு நாலு வாரக் குஞ்சுகளை வழங்கியுள்ளனர். நோக்கம் நன்று. ஆயினும் நாலாம் வாரம் என்பது எத்தகைய வயது என்பதைப் பெறுவோருக்கு எடுத்துச் சொல்வார் வேண்டும். பூஞ்சிறகு உதிர்ந்து மெய்ச்சிறகு முற்றும் மூடாத வயது அது. இரத்தக் கழிச்சல் நோய் மிகுதியாகப் பற்றுவதும் மூன்றாம் வாரத்திற்கும் ஆறாம் வாரத்திற்கும் இடையிலேயே.

வெளியில் விடுவது எப்போது? இதில் இருதிறத்தாரோடும் எமக்கு மாறுபாடு உண்டு. வந்த அன்றே விடுவோரைப் பற்றி முன்னரே கூறினோம். மற்றொரு சாரார், நூல்களைப் படித்துவிட்டு, இரண்டு திங்கள் வரை குஞ்சுகளை விளக்கின் கீழ்ப் பெட்டியிலேயே வைத்திருப்பர். குளிர்நாடுகளுக்கென எழுதிய விதியை நம் நாட்டிற்கு அப்படியே கொணர்வது பொருந்தாது. முதல் வாரத்தில் 95 பாகை சூடு வேண்டும். பின் வாரந்தோறும் ஐந்து பாகை குறைத்துக்கொண்டு வரலாம். இக்கணக்கின்படி மூன்றாம் வாரத்திற்கு 85 பாகை போதும். நம் சமவெளிகளில் ஆண்டின் பெரும்பகுதியில் காலை ஒன்பது மணிக்கு வெயிலே அச்சூட்டைத் தந்துவிடும். ஆகவே மூன்றாம் வாரத்திலேயே, காற்றும் மழையுமில்லாத காலையில், அரைமணி நேரம் காய்ந்த தரையில் விடுவதில் தீங்கில்லை. நாளடைவில் நேரத்தைக் கூட்டலாம். இரவிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும், மார்கழிப் பனியிலும் மட்டும் சூடு வேண்டும். வெப்பமானி இல்லையே என்று கவலுதல் வேண்டா. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கி நின்று கத்தினால் குளிர். வாய்திறந்து இறக்கையைத் தளர்த்தி விலகி நின்றால் வெப்பம் மிகுதி. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் யாவும் நலம்.

தரையைத் தெரிந்தெடுப்பதில் பலரும் கருத்துச் செலுத்துவதில்லை. பெருங்கோழிகள் எச்சமிட்டு ஈரமாய்க் கிடக்கும் இடம் குஞ்சுக்கு ஆகாது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் முட்டை எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் முதிர்ந்த பின்னரே நோய் விளைக்கும் தன்மையை அடைகின்றது. காய்ந்த மண்ணில் அதன் வலி குன்றும். குஞ்சு சிறிதளவு உட்கொள்ளின் நோயெதிர்க்கும் ஆற்றலைப் பெறும். மிகுதியாக உட்கொள்ளின் மடியும். ஆகவே மண்ணைத் தொடாமல் வளர்ப்பதும் பிழை, சேற்றில் விடுவதும் பிழை. நீர்வைக்கும் கலத்திலும் கவனம் வேண்டும். அகன்ற சட்டியில் நீர் வைத்தால் குஞ்சு அதில் விழுந்து நனைந்து விறைத்து மடிகின்றது. கொட்டாங்கச்சியில் நாலைந்து கூழாங்கற்களையிட்டு நீர் ஊற்றினால் போதும்.

இனிப் பஞ்சாரத்தைப் பற்றிக் கூறவேண்டும். மூங்கிற் சிம்புகளால் கவிகை போல முடைந்து, உச்சியில் வாய் வைத்த அக்கூடையைச் சில ஊர்களில் குடாப்பு என்றும் வழங்குவர். அதனைக் கோழி மூடும் கூடை என்று மட்டும் கருதுவது அதன் பெருமையை அறியாமையே. காகமும், கள்ளப்பருந்தும், வல்லூறும், கீரியும், தெருநாயும் உள்ள நம் ஊரில், திறந்தவெளியைக் குஞ்சுக்குக் காட்டவும், அதே வேளையில் காக்கவும் வல்ல கருவி வேறொன்று இல்லை. காற்று வரும், வெயில் வரும், மண் உண்டு, புல் உண்டு. ஈரமானால் நாலடி தள்ளி வைக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, உள்ளிருக்கும் குஞ்சை வெளியிலுள்ள கோழி காணும், வெளியிலுள்ள கோழியைக் குஞ்சு காணும், கொத்த இயலாது. மேனாட்டு நூல்கள் கம்பிவலையால் தடுப்பிட்டு, "காணட்டும், தீண்டற்க" என்று இன்று போதிக்கும் முறையை நம் பாட்டிமார் பஞ்சாரத்தினால் நெடுங்காலமாக நடத்தி வந்தனர். கரையான் வழக்கமும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. பழம்பானையில் வைக்கோலும் சாணமும் கந்தைச் சாக்கும் இட்டு நீர் தெளித்துப் புற்றருகே கவிழ்த்துவைத்தால், மறுநாட்காலை பானை நிறையக் கரையான் இருக்கும். அதனைப் பஞ்சாரத்துக்குள் தட்டினால் குஞ்சுகள் கொள்ளும் மகிழ்ச்சியைக் கண்டோர் பிறகு நொய் ஒன்றையே வீசி அமையார்.

கூட்டத்தோடு சேர்ப்பதே இவ்விஷயத்தில் மிக்க அருமையான பகுதி. கோழிக்கூட்டம் என்பது கண்டபடி சேர்ந்த கும்பலன்று. நார்வே நாட்டினராகிய ஷெல்டரப்-எப்பே என்பார் சிறுபிராயமுதல் கோழிகளை உற்றுநோக்கி, 1921-ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை எழுதி, 1922-இல் ஜெர்மானிய மொழியில் வெளியிட்டார். ஒரு முற்றத்திலுள்ள கோழிகளுள் எது எதனைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிடவேண்டும் என்பதில் ஒரு வரிசை உண்டென்று அவர் காட்டினார். முதற்கோழி எல்லாவற்றையும் கொத்தும்; கடைக்கோழியை எல்லாம் கொத்தும். வரிசை நிலைபெற்ற பின்னர்ச் சண்டை அரிது; ஒரு பார்வையே போதும். புதிதாக ஒன்று நுழைந்தால் மட்டும் வரிசை முழுதும் குலைந்து, ஒவ்வொன்றும் தன் இடத்தை மீண்டும் நாட்டிக்கொள்ளத் துடிக்கின்றது. (எம் விடுதிச் சாப்பாட்டறையில் ஆனித் திங்களில் நடப்பதை அறிந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.) இவ்வரிசையில் தமக்குள்ள இடத்தைக் குஞ்சுகள் ஏழெட்டு வாரமளவிலேயே தம்முள் தேடத் தொடங்குகின்றன. அதற்கு முன் பெருங்கோழியின் எதிரில் நின்றால், வழிவிட்டு ஒதுங்கவேண்டும் என்னும் குறிப்பும் அதற்குத் தெரியாது. ஓடி ஒளியும் வேகமும் இராது. ஆகவே கொத்து மேலும் மேலும் விழுகின்றது. தலையில் இரத்தம் கசிந்துவிட்டாலோ, அச்சிவப்பைக் கண்டு மற்றைக் கோழிகளும் கூடிக் கொத்தும். அதனை உடனே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயிற் குழைத்துப் பூசி, ஆறும் வரை தனியே வைத்தல் வேண்டும்.

எம் கருத்தில் செய்யத்தக்கது இது. ஆறாம் வாரமளவில், பெருங்கோழிகள் மேயும் முற்றத்திலேயே, அவற்றின் தீனிக்கு அருகில் பஞ்சாரத்தை வைத்து, இரண்டு வாரத்திற்குக் குறையாமல் பகலெல்லாம் குஞ்சுகளை அதனுள் விடவேண்டும். முதல் இரண்டு நாள் பெட்டைகள் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். சிம்பின் இடுக்கில் கொத்தியும் பார்க்கும். நாலாம் நாள் சலித்துப்போகும். திறந்துவிடுவது ஒன்பது அல்லது பத்தாம் வாரத்தில்; திறந்த முற்றத்தில்; மாலைவேளையில், கூடடைவதற்கு ஒருமணி நேரம் முன்னால். அடைத்த கூட்டுக்குள் முதன்முதல் சேர்ப்பது கொலைக்கு ஒப்பாகும், ஓட இடமிராது. ஒற்றைக் குஞ்சை ஒருபோதும் விடலாகாது; நாலைந்து சேர்ந்து சென்றால் கொத்தும் பங்கிடப்படும், அச்சமும் பங்கிடப்படும். தீனியையும் நீரையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால், பெருங்கோழி எல்லாவற்றையும் ஒருங்கே காவல்காக்க இயலாது. காலியான பஞ்சாரத்தின் விளிம்பை மூன்று செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்து உள்ளே தீனி இட்டால், குஞ்சு நுழைந்து உண்ணும். பெருங்கோழி தலையை நீட்டிப் பார்த்து நிற்கும். சேவலைப் பற்றிப் பலர் அஞ்சுவர். பெரும்பாலும் அது குஞ்சுகளைப் பொருட்படுத்துவதில்லை. வரிசையின் நடுவிலும் கடையிலும் நிற்கும் பெட்டைகளையே கவனித்தல் வேண்டும்.

இரவில் ஓசையின்றிக் கூட்டுக்குள் குஞ்சுகளைக் கொண்டு வைத்துவிட்டால், விடியற்காலையில் பழையவை புதியவற்றை அறியா என்று ஓர் உபாயம் சொல்லப்படுகின்றது. பஞ்சாரத்தில் இரண்டு வாரம் கண்டு பழகிய பின்னர் அது உதவும். அஃதின்றி அதனையே நம்பினால், விடியும் வரையில்தான் ஏமாற்று நிற்கும்.

தீனியிலும் ஒரு வேற்றுமை உண்டு. முட்டையிடும் கோழிக்கென விற்கும் தீவனத்தில் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து நூற்றுக்கு மூன்றரை முதல் நாலு பங்கு வரை இருக்கும். வளரும் குஞ்சுக்கு ஒரு பங்கே போதும். மிகுதியை நெடுநாள் உண்ணின் அதன் சிறுநீரகம் கெடும். குஞ்சுத் தீனியைப் பெருங்கோழி உண்பதால் பெருந்தீங்கில்லை. ஓட்டுக்கு வேண்டிய கிளிஞ்சலைத் தனிக்கலத்தில் வைத்துவிடலாம்.

நோயைப் பற்றி விரிக்கின் பெருகும். ஒன்றை மட்டும் கூறாது விடுதற்கில்லை. வெள்ளைக் கழிச்சல் என்று நம்மவர் கூறும் நோய், 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகும் முதன்முதல் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத்தில் தோன்றி, அவ்வூரின் பெயரையே இந்நாட்டில் பெற்றது. புகுந்த முற்றத்தில் ஒரு வாரத்தில் ஒன்றையும் விடாது வாரிச்செல்ல வல்லது. ஏழாம் நாளளவில் கண்ணிலோ மூக்கிலோ இடும் சொட்டுமருந்தும், நாலாம் வாரத்தில் மறுமுறையும், எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் இடும் ஊசியும் காப்பாக உள்ளன. யாம் ஒன்பது பத்து வாரம் என்று மேலே குறித்ததற்கு இவ்வூசியும் ஒரு காரணம். புதிய குஞ்சு வந்த முதல் மூன்று வாரம் பழைய கோழிகளின் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் இருத்தலே முறை. நோய் புதியதிலிருந்து பழையதற்கும் வரலாம். நலமாய்த் தோன்றும் பழையதிலிருந்து புதியதற்கும் வரலாம். தீனி வைக்குங்கால் முதலிற் குஞ்சுகளிடமும் பின்னர்ப் பெருங்கோழிகளிடமும் செல்லுதல் வேண்டும்.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு, வலியது வாழும், மெலியது மாளும், நாட்டுக்கோழியின் உறுதியே அங்ஙனம் வந்ததுதானே என்பார் உளர். கேட்பதற்கு இது சாத்திரம் போலத் தோன்றும். ஆனால் முற்றத்தில் மடிந்த குஞ்சு மெலிவினால் மடிந்ததன்று, தாயின்மையால் மடிந்தது. தாயோடு விட்டிருப்பின் அதே குஞ்சு பிழைத்திருக்கும். பொறியிற் பொரித்த பத்துக் குஞ்சைக் கொட்டி, தப்பிய மூன்றைக் கண்டு "இவையே வலியவை" என்பது, அம்மூன்றும் தற்செயலாய் வேலியருகில் நின்றவை என்பதை மறந்து கூறும் கூற்று. அவ்வேழு குஞ்சுகளின் விலையைக் கடன்பட்டுக் கொடுத்த கைம்பெண்ணிடம் இத்தத்துவத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

இவை யாவற்றினும் எளிய வழி ஒன்று உண்டு. அதனையே யாம் முதன்மையாகப் பரிந்துரைக்கின்றோம். வெள்ளை லெகார்ன் முதலிய முட்டையினங்களில் அடைகாக்கும் இயல்பு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. மிகுந்த முட்டைக்காக அதனை மனிதரே நீக்கினர். நாட்டுக்கோழியில் அது குறையவில்லை. உயர்ந்த இனம் வளர்க்கும் வீடுகளிலும் ஒன்றிரண்டு நாட்டுப்பெட்டைகளை, முட்டைக்கணக்குப் பாராமல், தாய்மைக்காகவே வைத்துக்கொள்ளல் வேண்டும். அடையிலிருக்கும் கோழியின் கீழ், பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இரவில் மெல்லச் செருகிவைத்தால், காலையில் பெரும்பாலும் அவற்றைத் தன்னவையாகவே கொள்ளும். நாள் சென்ற குஞ்சுகளாயின் கோழியும் ஏலாது, குஞ்சும் ஒட்டாது. விடியற்காலையில் அருகிருந்து பார்த்து, கொத்துமாயின் எடுத்துவிடுதல் வேண்டும். ஏற்றுக்கொண்டதாயின் விளக்கும் வேண்டா, வெப்பமானியும் வேண்டா, முன்னே யாம் எழுதிய பக்கங்களிற் பெரும்பகுதியும் வேண்டா.

ஆயினும் ஒரு கோழி பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளுக்கே இறக்கை விரிக்கும். நூறு குஞ்சு பெறும் ஊருக்கு அடைக்கோழி உரிய நாளில் அகப்படுவது அரிது. அப்போது பஞ்சாரமே கதி. அதுவோ சந்தையிற் குறைந்துவருகின்றது. மூங்கில் முடைவோர் தொழில் மாறிச் செல்ல, நைலான் வலை அவ்விடத்தைப் பிடித்துள்ளது. வலை பருந்தைத் தடுக்கும், கீரியைத் தடுக்காது, குஞ்சின் காலும் அதிற் சிக்கிக்கொள்ளும். நம் மாணவர் கிராமத் தொண்டு முகாம்களுக்குச் செல்லுங்கால் கோழிக்குஞ்சு வழங்கும் எண்ணம் அவ்வப்போது எழுவதுண்டு. வரும் விடுமுறையிலும் அவ்வெண்ணம் எழுமாயின், செலவுக்கணக்கில் குஞ்சுக்கு முன்பாகப் பஞ்சாரம் எழுதப்படவேண்டும், வீட்டுக்கு ஒன்று. பணம் போதாதெனின் குஞ்சின் தொகையைக் குறைத்துக்கொள்க, பஞ்சாரத்தைக் குறைக்கற்க.